செக்போஸ்ட் மாமாவைத் துரத்திவிட்ட ஆப்

நாற்பத்தெட்டு வயதில் நான் ஒரு பெண்ணுக்குக் கவிதை அனுப்பினேன். பதினாறு வரி. அதில் மூன்று வரிகளில் நிலா வந்தது. அந்தப் பெண் எங்கள் பக்கத்து மளிகைக் கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த காலண்டரின் ஆகஸ்ட் மாதம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கண்டுபிடித்துச் சொன்னவர் செக்போஸ்ட் மாமா. வாளையாற்றில் தொடங்கி மறையூர் மலை முடிய, பொய்யை மோந்து பார்த்தே அதன் எடையைச் சொல்லக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் அவரிடம் ஒரு முறை பொய் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

என் போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏந் தம்பி, இந்தப் புள்ளை பேரென்ன?"

"ஆயிஷாங்க மாமா. கோழிக்கோடு. டீச்சர்."

"எங்கூட்டு அடுக்களைல தொங்கறா. ஆகஸ்ட் மாசம். ஒண்ணாந்தேதி ஆச்சுன்னா வேற புள்ளை வந்துரும். அவளுக்கும் பாட்டு எழுதுவியா?"

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். முதல் திருமணம் எட்டு வருடம் ஓடி, இரண்டு தரப்பும் களைத்துப்போய், எங்கள் பள்ளிவாசல் ஜமாத்தான மகல் கமிட்டியின் முன்னிலையில் மரியாதையாக முடிந்திருந்தது. அதன் பிறகு தனியாகச் சமைத்து, அதைத் தனியாகச் சாப்பிடும் தண்டனையையும் நானே அனுபவித்து வந்தேன். பத்திரிகைகளில் நாலு பக்கம் எழுதுகிறவன், நாலு புத்தகம் படித்தவன், போனில் ஒரு ஆப்பைத் திறந்து துணை தேடக் கூடாதா என்று இறங்கியதன் முதல் விளைச்சல்தான் ஆகஸ்ட் மாதம்.

மாமா எல்லையோரச் செக்போஸ்ட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். வரி முறை மாறி, நாடெங்கும் அந்தச் சாவடிகளை எடுத்த வருடமே அவரும் ஓய்வு பெற்றார். பாதையை மறித்த கம்பு போய்விட்டது, மாமா போகவில்லை. நல்லேப்பிள்ளி தாண்டிப் போகும் ரோட்டில் அந்தத் தகரக் கொட்டகை மட்டும் மிச்சமிருந்தது. தினமும் பத்து மணிக்கு டிபன் கேரியரோடு போய் அங்கே உட்காருவார். சட்டைப் பையில் பட்டப்பகலிலும் ஒரு டார்ச். கையில் குத்தூசி, அதாவது மூட்டையைக் குத்தி உள்ளே இருக்கும் அரிசியை மாதிரி பார்க்கும் இரும்புக் கம்பி. அதை அவர் கல்யாணத்துக்கும் எடுத்து வருவார். ஒரு வலீமா விருந்தில் பிரியாணி அண்டாவுக்குள் குத்தூசியை அடிமட்டம் வரை இறக்கி, "மேலாப்புலதானுங்க கறி, கீழ வெறுஞ் சோறு" என்று சபையில் அறிவித்தார். அன்று முதல் எங்கள் ராவுத்தர் வீடுகளில் கறியைக் கீழே வைத்துத்தான் தம் போடுகிறார்கள்.

இப்படிப்பட்டவர் ஆப் விவகாரத்துக்குள் முழுதாக இறங்கியது ஒரு நர்ஸ் பெண்ணால். எங்கள் தெருப் பெண். முஸ்லிம்களுக்கு என்றே நடத்தப்படும் ஓர் ஆப்பில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தான். லண்டனில் வேலையாம். தொழுகையாளியாம். முக்கால்வாசி நிச்சயமான நிலையில் அவளுடைய அம்மா போனைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்து, "ஒரு வார்த்த பேசிப் பாருங்கண்ணா" என்றார்.

மாமா ஸ்பீக்கரில் போட்டார். சலாம் சொன்னார். தட்பவெப்பம் விசாரித்தார். சம்பளம், படிப்பு எதையும் கேட்கவில்லை.

"அஞ்சு நேரமும் தொழுவீங்களா தம்பி?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு வக்து விடறதில்லீங்க."

"சந்தோசம். ரூம்ல எந்தத் தெசை பாத்துத் தொழறீங்க?"

"மேக்க பாத்துத்தானுங்க. வேறெப்படி?"

மாமா போனை வைத்துவிட்டு, டிபன் கேரியரைத் திறந்து இட்லியைப் பிய்த்தார்.

"லண்டன்ல இருந்து மக்கா தென்கெழக்குமா. மேக்க பாத்துத் தொழுதா அமெரிக்காவத்தான் தொழோணும். பையன் இங்கதான் எங்கியோ இருக்கறான்."

பையன் பொள்ளாச்சியில் ஒரு செல்போன் கடையில் இருந்தான்.

அதோடு கொட்டகைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. பட்டாம்பி கல்லூரி விரிவுரையாளர், கணவனை இழந்த தையல்காரப் பெண், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த டிரைவர் என்று ஆளுக்கொரு போனோடு நின்றார்கள். "எந்த ஆப்புங்க நம்பலாம்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஆகஸ்ட் மாதத்தைப் பறிகொடுத்த நானும் அந்த வரிசையில் நின்றேன்.

மாமாவுக்கு ஒரு ஆப்பின் மேலும் உடனடி மரியாதை கிடையாது. "பச்சக் கலரும் பிறையும் போட்டுட்டா ஆப்பு முஸ்லிமாயிருமா? போர்டுல பள்ளிவாசல் படம் போட்ட கடைல போய்ப் பல்லி விழுந்த சால்னா நான் தின்னிருக்கறேன்."

ஐந்து ஆப்களைச் சோதனைக்கு எடுத்தார். முதலில் ஐந்து கம்பெனிகளுக்கும் ஒரே கடிதம். அவர் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடித்தேன். 'தங்கள் நிறுவனம் எந்த மகலில் உறுப்பினர்? செயலாளரின் கடிதத்தை இணைக்கவும்.' எங்கள் ஊரில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மகல் கமிட்டியின் கடிதம் வேண்டும். ஒரு கம்பெனிக்கு மட்டும் எதற்குச் சலுகை என்பது அவர் நியாயம். மூன்று பேர் பதிலே போடவில்லை. நான்காவது கம்பெனி 'உங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று ஐந்து நட்சத்திரத்தோடு எழுதியது. ஐந்தாவதிலிருந்து மட்டும் ஒரு மனிதர் எழுதியிருந்தார்: 'ஐயா, நாங்கள் மகல் இல்லை, கம்பெனிதான். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது.'

"இதுல ஆள் இருக்கறாங்க தம்பி" என்றார் மாமா. அவருடைய குரலில் முதல் முறையாக ஒரு கனிவு.

அடுத்து, தன் பெயரிலேயே ஐந்திலும் கணக்குத் திறந்தார். பொய் சொல்ல அவரால் முடியாது. எனவே உள்ளதை எழுதினார்: 'வயது அறுபது. மனைவி உண்டு, நலம். நிக்காஹ் செய்யும் எண்ணம் இல்லை. சோதனைக்காக வந்திருக்கிறேன்.' மார்பளவுப் படம், கையில் குத்தூசி.

முதல் ஆப்பில் ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பெண்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அத்தனை பேரும் இருபத்திரண்டு வயது. மாமா கொதித்துவிட்டார்.

"கொண்டாந்த வண்டி காலி வண்டின்னு நானே எழுதிக் குடுத்திருக்கறேன். அதுக்கு இத்தன கிராக்கியா? கள்ளக் கம்பெனி. அடிச்சுரு."

இரண்டாவது ஆப் அவருடைய போன் நம்பரை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தது. மூன்றாவதில் பெண்களின் படங்கள் திறந்து கிடந்தன; யார் வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். நான்காவதில் உள்ளே போவது சுலபம், கணக்கை மூடிவிட்டு வெளியே வரத்தான் வழியில்லை. "எந்தக் கேட்டுக்கும் உள்ள போறது பெருசில்ல. வெளிய வர உடறாங்களான்னு மொதல்ல பாக்கோணும்" என்று அதையும் அடித்தார்.

ஐந்தாவது ஆப், பத்தே நிமிடத்தில் மாமாவைத் துரத்திவிட்டது. 'நீங்கள் திருமண நோக்கத்தோடு வரவில்லை. கணக்கு முடக்கப்படுகிறது.'

முப்பத்தோரு வருடத்தில் யாரும் அவரைப் பிடித்ததில்லை. கொட்டகையை விட்டு எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னையப் புடிச்சுட்டாங்க தம்பி! என்னையவே புடிச்சுட்டாங்க! இதுதான் ஆப்பு!"

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் நம்பகமான ஆப் என்பதற்கு ஒரே இலக்கணம்தான்: செக்போஸ்ட் மாமாவை உள்ளே விடாதது.

அதில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பேசிக்கொள்ளும் இருவரும் ஆளுக்கொரு பொறுப்பாளரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் பேச்சைப் படிக்கலாம், இடையில் எழுதவும் செய்யலாம். படங்கள் மட்டும் மங்கலாகவே இருக்கும். சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்தால் அவர்களுக்கு மட்டும் திறக்கும், பொறுப்பாளருக்குத் திறக்காது. இந்த விதியை மாமா வானளாவப் புகழ்ந்தார். கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதி, என் பொறுப்பாளர் என்ற தகுதியில் உள்ளே நுழைந்தார். என் விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து நிரப்பினார். வயது நாற்பத்தெட்டு. விவாகரத்து ஆனவர். சர்க்கரை உண்டு. 'தொழில்' என்ற இடத்தில் 'எழுத்து' என்று நான் சொன்னதற்கு, 'நிரந்தரமில்லை' என்று போட்டார்.

படத்தை மட்டும் நான் ஏற்றினேன். மாட்டுப்பட்டி அணைக்கரையில், முப்பத்து மூன்று வயதில், நண்பனின் கறுப்புக் கண்ணாடியும் என் சொந்தத் தலைமுடியுமாக நான் நிற்கும் படம். மாமாதான் அதைப் பார்க்க முடியாதே. அவர் புகழ்ந்த விதியே எனக்குத் திரை போட்டுக் கொடுத்தது.

அந்த ஆப்பில்தான் ரஹ்மத் வந்தாள். காந்தலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்திரண்டு வயது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவளுக்குப் பொறுப்பாளர், பூண்டு விவசாயம் செய்யும் அவளுடைய அண்ணன். ஆக, எங்கள் காதல் நால்வர் முன்னிலையில் வளர்ந்தது.

நான் ஒரு நாள், 'இங்கே நல்ல மழை' என்று எழுதினேன்.

அவளுடைய அண்ணன் எழுதினார்: 'இங்கயும்.'

மாமா எழுதினார்: 'எத்தன மில்லிமீட்டர்?'

ரஹ்மத் எழுதினாள்: 'அளந்து சொல்றேன் மாமா.'

மறுநாள் காலை, முற்றத்தில் வைத்திருந்த சில்வர் டம்ளருக்குள் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளந்து, 'பதினேழு' என்று எழுதியிருந்தாள். அந்தப் பதினேழில்தான் நான் விழுந்தேன். ஒரு கிழவரின் கேலிக் கேள்விக்கு மழையில் டம்ளர் வைக்கிற பெண்ணோடு வாழ்ந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அதற்கு முன் யாரிடமும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அன்று இரவே அந்தப் பழைய படத்தை மாற்ற ஆப்பைத் திறந்தேன். ஆனால் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பாளே.

ஐந்து வாரம் கழித்து இருவர் படங்களும் திறந்தன. 'நாற்பத்தெட்டா? மாஷா அல்லாஹ்' என்று மட்டும் எழுதினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊருக்கு வரச் சொன்னாள்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மலையேறினோம். மாமா குத்தூசியை எடுத்து வரவில்லை; பெண் பார்க்கும் காரியத்துக்கு அவர் செய்த பெரிய தியாகம் அது. வழியில் ஒரு காட்டுச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பஸ்ஸில் ஏறிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இறங்கியவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, மாமா டார்ச்சோடு சீட்டுக்கு அடியிலெல்லாம் தாமும் ஒரு முறை தேடினார். ஒரு தண்ணீர் பாட்டில் கிடைத்தது. அவருடையதுதான். அதையும் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சட்டம்னா சட்டந்தான் தம்பி." எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

நான் குரங்குக் குல்லாய் போட்டிருந்தேன். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

ரஹ்மத் வீட்டில் எல்லாமே பூண்டு மணத்தது. அவளுடைய அண்ணன் சால்வையோடு வந்து ஸலாம் சொல்லி உட்கார வைத்தார். தேநீர் வந்தது. ரஹ்மத் வந்தாள், எதிரே அமர்ந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணக்கு டீச்சர்கள் விடையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வழியைப் பார்க்கும் பார்வை அது. பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனை மாமாவிடம் நீட்டினாள்.

"மாமா, பெரியவுக நீங்க. இந்தப் படத்துல நிக்கறது இவுகதானா? நீங்க ஆமான்னு சொன்னா நான் மேக்கொண்டு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மாமா டார்ச்சை எடுத்தார். போனில் அடித்துப் பார்த்தார். என் முகத்தில் அடித்துப் பார்த்தார். எழுந்து வந்து என் குல்லாயை மெதுவாகக் கழற்றி, அந்த இடத்திலும் அடித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் மந்திரியின் சிபாரிசுக்கும் சொந்த மச்சானின் கெஞ்சலுக்கும் ஒரு வண்டியை விடாதவர். சற்று முன்புதான் தன் பாட்டிலைத் தானே காட்டிக் கொடுத்தவர். என் கதை முடிந்தது என்று தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றார் மாமா. "இவன்தானுங்க."

நான் நிமிர்ந்தேன். அவருடைய காது இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்திருந்தன.

"தலைல முடி இருக்கே மாமா, படத்துல?" என்றாள் ரஹ்மத்.

"அது... பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து வந்தானுங்க. மலைக் காத்து."

"அம்புட்டுமா போச்சு?" என்றார் அண்ணன்.

"காத்து சாஸ்திங்க."

என் தலையிலிருந்து டார்ச்சைத் திருப்பினார்; வெளிச்சம் சுவரில் இருந்த மக்காப் படத்தின் மேல் போய் விழுந்தது. அவர் அதை அவசரமாக அணைத்தார். உலகத்தில் எத்தனையோ பேர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், நானே எனக்காக நிறையச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு மோசமாக, இவ்வளவு வலித்துச் சொல்லப்பட்ட பொய்யை நான் கண்டதில்லை. என்னால் அதற்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின படமுங்க" என்றேன். "நான்தான் போட்டேன். மாமாவுக்குத் தெரியாது. அவர் இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறார்."

ரஹ்மத் டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"படம் தொறந்த அன்னைக்கே தெரியும். உங்களுக்குப் பின்னாடி ஒரு சோளக் கடை நிக்குதே, அத இடிச்சுப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. எங்க பிள்ளைகள ஒவ்வொரு வருசமும் மாட்டுப்பட்டிக்கு டூர் கூட்டிட்டுப் போறவ நான். நீங்களாச் சொல்றீகளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மாமா பெருமூச்சு விட்டார். உயிர் திரும்பியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பச் செரிங்க, முழுச் சரக்கையும் எறக்கீரலாம். பில்லுல வராதது இன்னுமிருக்குது. கொறட்ட உடுவான். எழுதறேன்னு சொல்லீட்டு ஜன்னலப் பாத்து உக்காந்துக்குவான். கோவம் வந்தாப் பேசமாட்டான், நாலு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். மொதச் சம்சாரம் போனதுல பாதித் தப்பு இவனோடது."

"நல்லது ஒண்ணும் இல்லையா?" என்றாள் ரஹ்மத்.

மாமா யோசித்தார். சங்கடமாக நீண்ட நேரம் யோசித்தார். "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்பப் பதினோரு நாளும் வந்து பேப்பர் படிச்சுக் காட்டுனானுங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அவனுக்கு அது தெரியாது."

எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யோசித்துச் சொல்வதாக ரஹ்மத் சொன்னாள். திரும்பும் வழியில் பஸ் உடுமலைக்கு வந்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் தம்பி. இனி எவன் வண்டியவாச்சும் நிறுத்தி நான் எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறது?"

மூன்று நாள் கொட்டகை பூட்டியதுபோலக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் பள்ளிவாசலில் கையேந்தி உட்கார்ந்திருந்ததை நான் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று பார்த்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கெடுத்தது என் பெயரை மட்டுமில்லை என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

நான்காம் நாள் எங்கள் நால்வர் அரங்கில் ரஹ்மத் எழுதினாள்: 'மாமாவுக்கு: நேத்து மழை இருபத்திரண்டு. எப்ப வர்றீக?'

மாமா அதை மூன்று முறை படித்தார். "சம்மதம்னு நேரா எழுத மாட்டாளா இந்தப் புள்ளை?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

நிக்காஹ் அன்று பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுமுன் முழுப் பதிவேட்டையும் படித்தார், எங்களுக்கு முன்னால் நடந்த நிக்காஹ்களையும் சேர்த்து. இமாம் இரண்டு முறை இருமினார். பிரியாணி ஆறிப்போயிற்று.

ஆப்பை நம்பி வந்தவர்களுக்கு அதன்பிறகும் நான்கைந்து வருடம் மாமா எடை பார்த்துச் சொன்னார். ஆனால் பொய் சொன்னவர்களிடம் முன்னைப்போலக் குரல் உயர்த்தவில்லை. "என்னத்துக்குச் சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அவர் மௌத்தாகி இந்த நோன்போடு இரண்டு வருடம் ஆகிறது. கபர்ஸ்தானில் அன்று ஆண்கள் நின்ற இடம் போதாமல் ரோட்டுவரை வந்தது. வீட்டில் பெண்கள் கூட்டம் அதைவிட அதிகம் என்று ரஹ்மத் சொன்னாள். பாதிப் பேருக்கு ஏதோ ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். மீதிப் பேருக்கு ஒருவனைச் சரி என்று சொல்லியிருக்கிறார். கொட்டகையையும் ரோட்டை அகலப்படுத்த எடுத்துவிட்டார்கள். அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது டிரைவர் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்று இன்னும் எனக்கு ஒரு நொடி தோன்றும்.

இதை எழுதி முடித்து ரஹ்மத்திடம் படித்துக் காட்டினேன். தாளை மடித்துக்கொண்டே, "அவ்வளவு பெரிய மனுஷன் எனக்காக அன்னைக்குப் பொய் சொன்னாரே ரஹ்மத்" என்றேன்.

அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அதுக்காகத்தானே சரின்னேன். அம்மாம் பெரிய மனுசரே ஒருத்தருக்காக இப்படி உளறணும்னா, அந்த ஆளுகிட்ட என்னமோ இருக்கணும்னு நெனச்சேன்."

ஒரு தாளைப் புரட்டினாள்.

"ஆறு வருசமாத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."